ஆறாவது பல்

யாராவது எதிரில் நின்று பேசினால் நான் அவர்கள் கண்ணைப் பார்ப்பதில்லை. வாயைத்தான் பார்ப்பேன். கல்யாணச் செய்தியோ துக்கச் செய்தியோ, சொல்கிறவரின் கீழ்வரிசைக் கடைவாய்ப் பக்கம் என் கண் போய் நின்றுவிடும். பாதிப் பேச்சு காதில் விழாது. "நான் சொல்லுததக் கேக்கியா, இல்லையா?" என்று சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டதுண்டு. கேட்கத்தான் செய்கிறேன். கூடவே எண்ணிக்கொண்டும் இருக்கிறேன். நடுவிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும். ஆறாவது இடத்தில் பல் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வரும்.

இந்தப் பழக்கம் எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் பிடித்தது. புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உப்பு லாரிகள் எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரை உரசுகிற மாதிரி போகும். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். நான் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். எங்களுக்கு ஒரே மகள். என் பள்ளிக்கூடத்திலேயே படித்தாள், அந்த வருஷம் ஜூனில் இரண்டாம் வகுப்புக்கு வந்தாள். ஏழு வயது முடிந்திருந்தது.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் தலைமையாசிரியை எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். ஒருத்திக்குப் பிள்ளைகளின் நகம், ஒருத்திக்குத் தலைப்பேன், ஒருத்திக்குக் குடிதண்ணீர்ப் பானை. நான் புத்தக அலமாரியைக் கேட்டிருந்தேன். எனக்கு வந்தது பல். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். என் குணம் அப்படி. பிடிக்காத வேலையைக் கையில் கொடுத்தாலும் அதை முழுசாகச் செய்து முடிக்காமல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வேன். முதல் திங்கட்கிழமை பார்த்தது இதுதான். முன்பல் எல்லாம் கறுத்துத் தேய்ந்து வெறும் வேராக நின்ற பிள்ளைகள். ஈறு வீங்கி, கன்னம் வீங்கி, கேட்டால் "வலிக்கல டீச்சர்" என்று பயந்து சொல்கிற பிள்ளைகள். பாதிப் பேர் உமிக்கரியை விரலில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வருகிறவர்கள். மீதிப் பேர் ரோஸ் நிறப் பல்பொடிக்காரர்கள். அதில் ஒருத்தி பொடியைத் தேய்ப்பதே இல்லை, நக்கித் தின்றுவிடுகிறாள் என்று பக்கத்தில் நின்றவள் கோள் சொன்னாள். "இனிப்பா இருக்கும் டீச்சர்" என்று அவளும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாள்.

ராத்திரி படுக்கும் முன் பல் தேய்க்க வேண்டும் என்று தாய்மார்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரித்தார்கள். "ராத்திரி பல்லத் தேய்ச்சுட்டு யாரப் பாக்கப் போறாவ டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புத்தகத்தில் போட்டிருந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

கோபத்தை வேறு எங்கேயாவது காட்டியாக வேண்டுமே. பள்ளிக்கூட வாசலில் ஜவ்வு மிட்டாய்க்காரர் ஒருவர் நிற்பார். மூங்கில் கம்பில் பொம்மை, அதன் கையில் ஜால்ரா. மிட்டாயை இழுத்துத் திருகிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் வாட்ச் மாதிரி கட்டிவிடுவார். அவரை விரட்டினேன். அடுத்த நாளும் வந்தார், அடுத்த நாளும் விரட்டினேன். ஒரு வாரம் கழித்து அவர் தெருமுனைக்கு நகர்ந்து போகும்போது திரும்பி நின்று கேட்டார்.

"டீச்சரம்மா, ஏன் சீனி மட்டும்தான் ஒங்க கண்ணுக்குத் தெரியுது? இந்தா பக்கத்துல அந்தக்கா கருப்பட்டி மிட்டாய் விக்காளே, அவளை ஒரு வார்த்தை சொன்னியளா?"

"கருப்பட்டி வேற, சீனி வேற" என்றேன், அடித்துப் பேசுகிற குரலில்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் யார் வீட்டுக்காரி என்பது அவருக்குத் தெரியும். ஜால்ராவைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

கருப்பட்டி வேறு, சீனி வேறு என்பதை நான் எங்கேயும் படிக்கவில்லை. அது எங்கள் வீட்டுச் சுவரில் எழுதாத எழுத்து. பனங்காட்டுப் பக்கம் பிறந்த யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சீனி பல்லை அரிக்கும், கருப்பட்டி பல்லுக்குப் பலம். என் வீட்டுக்காரர் அதற்குக் காரணமும் வைத்திருந்தார். "பதனி எறக்குத கலயத்துல சுண்ணாம்பு தடவுதாம்லா? அந்தச் சுண்ணாம்பு எங்க போவும்? கருப்பட்டிக்குள்ளதான இருக்கு. பல்லுக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்துன்னு ஒங்க புஸ்தகமே சொல்லுது!" கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். நான் டீச்சர், பல்லுக்கு இன்சார்ஜ் வேறு. தலையாட்டினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் சீனி டப்பா என்று ஒன்று கிடையாது. காப்பிக்குக் கருப்பட்டி, பணியாரத்துக்குக் கருப்பட்டி, பிள்ளை அழுதால் ஒரு சில்லுக் கருப்பட்டி.

பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு நோட்டுத் திருத்துவது, ரிஜிஸ்டர் எழுதுவது என்று ஒரு மணி நேரமாவது இழுக்கும். மகள் நேரே மண்டிக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்கென்று ஒரு முக்காலி. உடன்குடியிலிருந்தும் வேம்பாரிலிருந்தும் கருப்பட்டி ஓலைச் சிப்பமாக வரும். சிப்பத்தைப் பிரித்து ஒரு கருப்பட்டி வட்டின் ஓரத்தை அரிவாள் பிடியால் தட்டினால் நகம் அளவு சில்லு தெறிக்கும். அதை வாயில் போட்டுப் பார்த்துத்தான் சரக்கை எடுப்பார்கள். கடிக்கக் கூடாது. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துத் தானாகக் கரைய விட வேண்டும். சுண்ணாம்பு கூடியிருந்தால் நாக்கு எரியும். மண் இருந்தால் கடைசியில் நெறநெறக்கும். யாராவது சீனிப்பாகு கலந்திருந்தால் சட்டென்று கரைந்துவிடும்.

மகளுக்கு அந்த நாக்கு வாய்த்திருந்தது. ஐந்து வயதில் விளையாட்டாக ஒரு சில்லை வாங்கிப் போட்டுக்கொண்டு, "எப்பா, இதுல மண்ணு" என்றாளாம். அவர் இரண்டு தடவை ருசி பார்த்துத் தெரியாத மண் அது. அன்றையிலிருந்து புதுச் சிப்பம் பிரித்தால் முதல் சில்லு அவளுக்குத்தான். கயத்தாறு, எட்டயபுரம் பக்கமிருந்து வருகிற சில்லறை வியாபாரிகள், "சின்ன மொதலாளி என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?" என்று கேலியாகக் கேட்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இது நல்ல சரக்கு" என்றால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மகன் இல்லையே என்று யாராவது அவரிடம் விசாரித்தால் முக்காலியைக் கைகாட்டுவார். எனக்கும் பெருமைதான். இல்லை என்று சொன்னால் அது பொய்.

சித்திரை மாதம், கருப்பட்டிக்கு நல்ல சீசன். அவள் ஒரு பக்கமாகவே சோறு மெல்லுகிறாள் என்று கவனித்தேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். கீழே வலது பக்கம், எல்லாப் பல்லுக்கும் பின்னால், கடுகளவு ஒரு கறுப்பு. அவ்வளவுதான். முன்பல் இரண்டு விழுந்து புதுசு முளைத்துக்கொண்டிருந்த சமயம். பின்பக்கம் ஒன்றுகூட விழவில்லை. விழாத பல் பால்பல்தானே. கெட்டால் கெட்டுப் போகட்டும், விழுந்து முளைக்கும் என்று டார்ச்சை அணைத்தேன்.

அணைத்தேனே தவிர மனசு அணையவில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவள் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பேன். சோறு கொதிக்கும்போது பாதியில் வந்து பார்ப்பேன். "எம்மா, விடும்மா" என்று தலையை உதறுவாள். ஆடி பிறந்தபோது கறுப்பு மல்லி விதை அளவு ஆகியிருந்தது. கிராம்பைத் தட்டி வைத்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன். இப்போ விழும், இன்னும் பத்து நாளில் விழும் என்று விரலால் ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன். அசையவே இல்லை. புரட்டாசியில் அந்த இடத்தில் பட்டாணி நுழைகிற பள்ளம். அப்போதும் நான் பால்பல் என்றுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்திலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்பல் சொத்தை என்று பிள்ளையைக் கூட்டிவந்து காட்டிய எத்தனையோ தாய்மாரிடம், "இது பால்பல்தான், விழுந்துரும், நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு நாள், பல் டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சின்ன வயசுப் பெண். நாற்காலியை வராண்டாவில் வெளிச்சத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். நான் நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில் நின்றேன். என் மகள் முறை வந்தது. டாக்டர் கண்ணாடியை வாய்க்குள் விட்டவர் உடனே எடுக்கவில்லை.

"அது பால்பல்தான் டாக்டர். நான் பாத்துட்டுதான் இருக்கேன். விழற நேரம்தான்" என்றேன், அவர் கேட்கும் முன்பே.

"நீ போய் விளையாடும்மா" என்று பிள்ளையை அனுப்பிவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்க பொண்ணா டீச்சர்?"

"ஆமா."

"இது பால்பல் இல்ல. நடுவுலேர்ந்து எண்ணிப் பாருங்க. அஞ்சு வரைக்கும்தான் பால்பல். ஆறாவதா பின்னாடி வந்தா அது கடைசி வரைக்கும் இருக்க வேண்டிய பல். ஆறு வயசு வாக்குல வரும். அதுக்காக எந்தப் பல்லும் விழாது. அதனால வீட்டுல யாருக்குமே அது வந்தது தெரியாது."

நான் அந்த வாய்க்குள் தினமும் இரண்டு வேளை டார்ச் அடித்தவள். அதற்கு முன்பும் எத்தனையோ திங்கட்கிழமை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து அவள் வாயையும் பார்த்தவள். ஒரு புதுப் பல் வந்து நின்றிருக்கிறது, அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"இது போனா வேற முளைக்காதா?"

"முளைக்காது டீச்சர். இதை எடுத்துத்தான் ஆகணும், சீழ் பிடிச்சிருக்கு. இடது பக்கமும் ஆறாவதுல ஆரம்பிச்சிருக்கு. அதை அடைச்சுடலாம். காப்பாத்திடலாம். ஆனா இப்படியே விட்டா அதுவும் போயிடும்." டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நிறைய மிட்டாய் சாப்பிடுவாளா?"

"எங்க வீட்ல சீனியே கிடையாது டாக்டர்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு கர்வம். பிறகுதான் மண்டி விஷயத்தைச் சொன்னேன். சில்லு, கன்னம், தானாகக் கரைகிற வரைக்கும்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"சீசன்ல... பத்து, பன்னிரண்டு இருக்கும்."

டாக்டர் கண்ணாடியைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "பல்லுக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒண்ணுதான் டீச்சர். எவ்வளவு தின்னாங்கறத விட எவ்வளவு நேரம் வாயில கிடந்துதுங்கறதுதான் பெரிசு. ஒரே நேரத்துல ஒரு கட்டியைத் தின்னுட்டு வாய் கொப்பளிச்சிருந்தாக்கூட இவ்வளவு ஆகியிருக்காது."

வரிசையில் இன்னும் நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். நோட்டைப் பக்கத்து டீச்சர் கையில் திணித்துவிட்டு நான் நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓடினேன். மண்டியில் ஒரு கயத்தாறு வியாபாரி உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் சிப்பம் பிரித்துக்கொண்டிருந்தார். வியாபாரி இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் நான் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன்.

"சீனியும் கருப்பட்டியும் ஒண்ணா? எந்த ஊரு டாக்டரு அது?" என்று அவர் சிரித்தார். "ஏளா, நான் கருப்பட்டியத் தின்னே வளந்தவன். எம் பல்லப் பாரு!" வாயை அகலத் திறந்து காட்டினார்.

நான் பார்த்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் வாய்க்குள் முதன்முதலாகப் பார்க்கிறேன். எண்ணினேன். வலது பக்கம் ஆறாவது இடம் காலி. இடது பக்கமும் காலி.

"அங்க இருந்த பல்லு எங்க?"

"எங்க?" விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "அது சின்ன வயசுலயே விழுந்துட்டு."

"விழுந்தது முளைச்சுதா?"

அவர் வாயை மூடினார். வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் அப்புறமா வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்து போனார்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் மகளைச் சைக்கிள் பாரில் உட்கார்த்தி உருட்டிக்கொண்டு வந்தார், நான் பக்கத்தில் நடந்தேன். வழி முழுக்க அவள் மட்டும் மீன் மார்க்கெட்டைப் பார்த்து, தேர் நிறுத்துகிற இடத்தைப் பார்த்து ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் அவர் உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். ஊசி போடும்போது என் சேலையைக் கடித்தாள். அதற்குப் பிறகு அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஜன்னல் வழியாக அவர் வேப்பமரத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பது தெரிந்தது.

பஞ்சில் சுற்றிப் பல்லைக் கொடுத்தார்கள். முன்பு விழுந்த முன்பல் இரண்டும் அரிசி மாதிரி இருந்தன, அடியில் ஒன்றும் இல்லை. இதற்கு இரண்டு வேர். வெளியே வந்து பஞ்சைப் பிரித்து அவரிடம் காட்டினேன். வேரைத் தொட்டுப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எம்மா, இது எப்ப முளைக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "வா, ஓட்டு மேல போடுவோம். சீக்கிரம் முளைச்சிரும்" என்றார். பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்திலிருந்து சாணி வாங்கி வந்து, பல்லை அதில் பொதிந்து அவள் கையில் கொடுத்து, அவளைத் தூக்கிப் பிடித்தார். அவள் எறிந்தாள். உருண்டை ஓட்டில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். முளைக்காது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் முழுக்க வாய் ஓயாமல் பாடம் நடத்துகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

மண்டியில் முக்காலி பரணுக்குப் போய்விட்டது. அதற்காக நான் சண்டை பிடிக்க வேண்டியிருக்கும் என்று தயாராகப் போனேன். அவரே எடுத்து வைத்திருந்தார். "சின்ன மொதலாளியக் காணோம்?" என்று கேட்டவர்களிடம் படிப்பு கூடிவிட்டது என்று சொன்னாராம். இடது பக்கத்துப் பல்லை ஆஸ்பத்திரியில் அடைத்துவிட்டார்கள். ராத்திரி சாப்பிட்டானதும் மூன்று பேரும் முற்றத்தில் நின்று பல் தேய்த்தோம். கருப்பட்டி பல்லுக்குப் பலம் என்று அவர் அதற்குப் பிறகு வீட்டில் சொன்னதில்லை. கடையில் சொல்லியிருக்கலாம், நான் விசாரிக்கவில்லை.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பால்பல், பயப்படாதீங்க என்று நான் சொல்லி அனுப்பிய தாய்மார்கள். சாயங்காலம் சாயங்காலமாக நடந்தேன். உப்பளத்துக்காரர்கள் தெரு, கடற்கரைப் பக்கம் வலைக்காரர்கள் தெரு என்று ஒன்று விடாமல் போனேன். வாசலில் நின்று, பிள்ளையைக் கூப்பிட்டு, நடுவிலிருந்து எண்ணிக் காட்டுவேன். சில பிள்ளைகளுக்கு ஆறாவது நன்றாக இருந்தது. அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருக்கும். சில பிள்ளைகளுக்கு இல்லை. ஒரு வீட்டில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "நீங்கதான டீச்சர் விழுந்துரும்னு சொன்னிய?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் ஆமா என்றேன். ஜவ்வு மிட்டாய்க்காரரையும் தெருமுனையில் போய்ப் பார்த்தேன். "அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான் சரி. ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். "அப்போ நான் வாசலுக்கே வந்துரலாமா டீச்சரம்மா?" என்று கேட்டார். வரக் கூடாது என்றேன். கருப்பட்டி மிட்டாய்க்காரியையும் அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகப் போய் ஆறாவது பல்லைப் பற்றிச் சொன்னேன். கரும்பலகையில் வரைந்தேன். ஒருவர் பல்லை ஒருவர் எண்ணச் சொன்னேன். இது விழாது, போனால் போனதுதான், முளைக்காது. ஒன்றாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, நான்கு, ஐந்து. இரண்டாம் வகுப்புக்கு மட்டும் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த வகுப்பு வாசலைத் தாண்டும்போது நடையைக் கூட்டுவேன்.

நான் போகாவிட்டால் என்ன, பள்ளிக்கூடத்தில் சேதி நிற்குமா? கார்த்திகையில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு, மகள் என் வகுப்புக்கு வந்தாள். காலி பெஞ்சில் உட்கார்ந்து, விரலை வாய்க்குள் விட்டு, எனக்குக் கேட்கும்படி எண்ணினாள். வலது பக்கம் ஐந்தோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எம்மா, ஆறாவது முளைக்காதாமே?"

"ஆமா" என்றேன். ஒரு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை, இவ்வளவு சின்னதாக வெளியே வந்தது.

"அப்போ எதுக்கும்மா ஓட்டு மேல போட்டோம்?"

நோட்டுகளை அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். பிறகு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஒன்கிட்ட சொல்லப் பயமா இருந்துது" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள், மண்டி முக்காலியில் ஆட்டுகிற மாதிரியே. பிறகு சொன்னாள். "எம்மா, நீ அப்பாட்ட சொல்லிராத, என்ன? அப்பா பாவம். நீ கெளம்பிப் போனதும் தெனமும் வெரல விட்டுத் தடவிப் பாக்காவ."

மறுநாள் காலை நான் வழக்கம்போல முதலில் கிளம்பினேன். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. முற்றத்தில் அவர் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் ரிப்பன் கட்டிய தலையை அண்ணாந்து வாயைத் திறந்தாள். அவர் விரலை வைத்துத் தடவினார். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"முட்டுத மாரி இருக்குல்லா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா" என்றாள் அவள். "கொஞ்சமா முட்டுது."

நான் கதவைத் தள்ளாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். முதல் பீரியடுக்கு நேரே இரண்டாம் வகுப்புக்குப் போனேன்.